தரையிலிருந்து மடி வரை: குமரி எல்லையில் ஐந்து நாட்கள்

தை 3, காணும் பொங்கல் – அஞ்சுகிராமத்துக்குக் கிழக்கே

அஞ்சுகிராமத்தைத் தாண்டியதும் தென்னை குறைந்து பனையும் காற்றாலையும் கூடுகின்றன. நாங்கள் இறங்கிய ஊரில் அம்மன் கோவில் களத்தின் வடக்கு ஓரத்தில், இளைஞர்கள் தூக்கி வலிமை காட்டும் மூன்று இளவட்டக்கற்கள் கிடக்கின்றன. ஆண்டு முழுவதும் நாய் படுத்துக்கிடக்கும் அந்த மூலையைப் பொங்கலுக்கு முந்தைய நாள் கூட்டிப் பெருக்கி, கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, நடுவில் காவிப் பட்டையும் இழுத்திருந்தார்கள். பார்ப்பதற்கு அழகுதான், ஆனால் தூக்குகிறவனுக்குச் சுண்ணாம்பு எதிரி. வியர்வை பட்டதும் அது குழைந்து வழுக்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே இளவட்டங்கள் வீட்டிலிருந்து ஓலைப்பெட்டியில் அடுப்புச் சாம்பல் கொண்டுவந்து கைகளிலும் நெஞ்சிலும் பூசிக்கொண்டார்கள்.

என்னுடன் வந்திருப்பவன் எங்கள் தெருப் பையன். இருபத்தாறு வயது, ஜிம்மில் பயிற்சியாளன், என்னை அண்ணன் என்று அழைப்பான். எனக்கு வயது நாற்பத்தொன்று. நாற்காலியில் அமர்ந்து கோப்பு பார்க்கும் வேலை. இருவரும் தை 7 அன்று எல்லைக்கு அப்பால் நடக்கும் ஓர் அமெச்சூர் ஸ்ட்ராங்மேன் போட்டியில் (கல், டயர், வண்டி என்று பளுவைத் தூக்கியும் இழுத்தும் வலிமை காட்டுவது) 90 கிலோ உடல் எடைக்கு உட்பட்ட பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறோம். போட்டிக்கு முன் நான்கு நாட்கள் உடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது தம்பியின் கட்டளை. ஓய்வு என்றால் வீட்டில் இருப்பதா என்று கேட்டுத்தான் இந்தப் பயணத்தைத் தொடங்கினேன்: பளு தூக்குவதற்கு இந்த எல்லை நாட்டில் என்னென்ன அடையாளங்கள் மிஞ்சியிருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே போட்டித் திடலுக்குப் போய்ச் சேர்வது.

பையில் ஒரு சணல் நூலும் அளவு நாடாவும் எடுத்து வந்திருந்தேன். நடுக்கல்லைச் சுற்றி நூலைக் கட்டி அளந்தபோது 126 சென்டிமீட்டர் வந்தது, விட்டம் 40. பெரிய கல்லின் சுற்றளவு 141, விட்டம் 45. கருங்கல்லின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறத்தாழ 2.7 மடங்கு என்று வைத்துக் கணக்கிட்டால் நடுக்கல் சுமார் 90 கிலோ, பெரிய கல் சுமார் 129 கிலோ. கோவில் திண்ணையில் இருந்த பாட்டா ஒருவர் நான் தாளில் கணக்குப் போடுவதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "எடே மக்களே, அது எத்தனை கிலோன்னு கல்லுக்குத் தெரியாது. நீ மொதல்ல அதை மடியில எடுத்து வச்சுக்கோ. பொறவு அதுவே ஏறும்" என்றார்.

அவர் சொன்னதுதான் இந்த விளையாட்டின் முழு நுணுக்கமும். கல்லைக் கால்களுக்கு நடுவே வைத்துக் குந்தி, இரண்டு உள்ளங்கைகளையும் கல்லின் அடிவயிற்றுக்குள் எவ்வளவு தூரம் செலுத்த முடியுமோ அவ்வளவு செலுத்தி, முன்கைகளால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, முதலில் தொடைமேல் ஏற்ற வேண்டும். அங்கே ஒரு மூச்சு. பிறகு கைகளை மேலே மாற்றிக் கல்லைக் கட்டிப்பிடித்து, இடுப்பை முன்னே தள்ளி நெஞ்சுக்கு உருட்ட வேண்டும். நெஞ்சிலிருந்து தோள், தோளிலிருந்து முதுகுக்குப் பின்னால் போட வேண்டும். இவற்றில் கடினமானது தரையிலிருந்து தொடை வரையிலான ஒன்றரை அடி. அதில்தான் பிடி இல்லை, நெம்பு இல்லை, முதுகு முழுதாக வளைந்திருக்கிறது.

இருபது பேருக்கு மேல் முயன்றார்கள். நடுக்கல்லைத் தோளுக்கு அப்பால் போட்டவர்கள் ஆறு பேர். பெரிய கல்லை ஒரே ஒருவர் போட்டார். அவர் மரமேறும் தொழிலாளி, என்னைவிட ஒரு பிடி குள்ளம், முன்கை மட்டும் என் கெண்டைக்கால் பருமன். சின்னக் கல்லை இரண்டு பெண்கள் தூக்கினார்கள். இப்பக்கத்தில் இது புதுமை இல்லை. நெல்லை மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலுக்கு ஆண்களும் பெண்களும் கல் தூக்குவது பலருக்கும் தெரிந்ததே. கல்லைத் தூக்கியவனுக்குத்தான் பெண் கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு தை மாதமும் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. பாட்டாவிடம் கேட்டேன். "எனக்கு அத்தை மகளைக் கெட்டி வச்சாங்க. கல்லை யாரு பாத்தா?" என்று முடித்துவிட்டார்.

தம்பியின் ஓய்வுக் கட்டளையை மீறி நானும் ஒருமுறை நடுக்கல்லில் கை வைத்தேன். நெஞ்சு வரை வந்தது, தோளுக்கு வரவில்லை. சட்டையில் சுண்ணாம்பும் தாடையில் ஒரு கீறலும் மிச்சம்.

தை 4 – மயிலாடி

இன்று காலை மயிலாடி. சிற்பக் கூடங்கள் வரிசையாக இருக்கும் ஊர். உளிச் சத்தமும் கட்டர் இயந்திரத்தின் சத்தமும் கலந்து, சாலை முழுவதும் வெள்ளைத் தூசு படிந்திருக்கிறது. பொங்கல் விடுமுறை முடியாததால் பாதிக் கூடங்கள் பூட்டியிருந்தன. திறந்திருந்த ஒன்றில் சிற்பி ஒருவர் அரைகுறையான நந்தியின் மடிந்த கால்களைப் பொளிந்துகொண்டிருந்தார். "உருண்டைக் கல் கிடைக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "கேட்டுத் தூணுக்கா? ஜோடியா தரணுமா?" என்று திருப்பிக் கேட்டார். புதுவீடு கட்டுகிறவர்கள் வாசல் தூண்களின் மேல் வைக்கக் கல் உருண்டை வாங்குவது இங்கே வழக்கம். தூக்கி விளையாடுவதற்கு என்றதும் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

ஸ்ட்ராங்மேன் போட்டிகளில் அட்லஸ் கற்கள் என்று அழைக்கப்படும் உருண்டைகள்தான் பெரும்பாலும் கடைசிச் சுற்று. உலகின் வலிமையான மனிதர் என்ற பட்டத்துக்கான போட்டி 1977இல் அமெரிக்காவில் தொடங்கியது. உருண்டைக் கற்கள் 1986இல்தான் அதற்குள் வந்தன. ஐந்து கற்கள், 100 கிலோவில் தொடங்கி 160 கிலோ வரை ஏறுவது பழைய முறை. இன்று உலகெங்கும் அமெச்சூர் போட்டிகளில் இருப்பவை கல்லே அல்ல. இரண்டு அரைக்கோள அச்சுகளைச் சேர்த்துப் பூட்டி, அதற்குள் ஊற்றி இறுகவைத்த கான்கிரீட். எங்கள் ஜிம்மில் உள்ள மூன்றும் அப்படி நாங்களே வார்த்தவை. கான்கிரீட் தண்ணீரைப் போல 2.4 மடங்கு கனம் என்பதால், ஒரே அளவுள்ள கருங்கல் உருண்டையைவிட எடை குறைவு. 40 சென்டிமீட்டர் கருங்கல் 90 கிலோ என்றால் கான்கிரீட் 80 கிலோதான்.

உருண்டையின் விட்டத்தைச் சற்றே கூட்டினாலும் எடை எங்கோ போய்விடுகிறது என்பதைச் சிற்பியிடம் சொல்லவே தேவையிருக்கவில்லை. "நாலு விரக்கடை கூட்டுனா ஒரு ஆளு கூடுதல் வேணும்" என்பது அவர் கணக்கு. என் கணக்கிலும் அதேதான்: 40 சென்டிமீட்டரிலிருந்து 45க்குப் போகும்போது விட்டம் எட்டில் ஒரு பங்குதான் கூடுகிறது, எடையோ 90இலிருந்து 129 ஆகிறது. இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாததால்தான் புதிதாக வருகிறவர்கள் அடுத்த கல்லைப் பார்த்து, இதுவும் அப்படித்தானே என்று கை வைத்து முதுகைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அவருடைய கூடத்தில் இருந்த கல் உருண்டை ஒன்றைத் தடவிப் பார்த்தேன். கட்டரில் அறுத்து மெருகேற்றிய பாதி பளிங்கு போல வழுக்கியது. உளியால் பொளிந்த பாதியில் நெல்மணி அளவுக்குக் குழிகள். அந்தக் குழிகளில் தோல் பதிந்துகொள்கிறது. தூக்குகிறவனுக்கு மெருகேற்றாத கல்லே நல்ல கல். பளு தூக்குவோர் பிசின் தடவிக்கொள்வதும் இதற்காகத்தான். டாக்கி என்று பெயர், பைன் மரப் பிசினில் செய்வது. வெயிலில் இளகி வழிந்துவிடும் என்பதாலும் கல்லைக் கழுவிச் சலித்துப்போவதாலும் எங்கள் போட்டியில் அதற்கு அனுமதி இல்லை. ரப்பர் தோட்டத்து ஒட்டுப்பாலைக் கையில் தேய்த்துப் பார்க்கலாமா என்று தம்பி ஒரு யோசனை சொன்னான். அதை அவன் கையிலேயே முதலில் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். யோசனை அத்துடன் நின்றுவிட்டது.

கிளம்பும்போது, முக்கால் டன்னுக்குக் குறையாத ஒரு பாறையை அவரும் உதவியாளரும் நகர்த்துவதைப் பார்த்தோம். கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பி, இரும்புக் குழாய்களை உருளையாக இட்டு, பத்து நிமிடத்தில் பத்தடி தூரம் கொண்டுபோனார்கள். யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. "தூக்குறது மடத்தனம் தம்பி. பொரட்டுறதுதான் வேலை" என்றார் சிற்பி. எங்களுக்கு மறுமொழி சொல்லத் தோன்றவில்லை.

தை 5 – தக்கலை, பத்மநாபபுரம்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் தக்கலையில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் பத்மநாபபுரம். 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய தாலுகாக்கள் தமிழகத்துடன் சேர்ந்தபோது இந்த அரண்மனை நிற்கும் மண்ணும் இப்பக்கம் வந்துவிட்டது. அரண்மனையின் பராமரிப்பு மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் நின்றுகொண்டு மலையாள அறிவிப்புப் பலகையைப் படித்து, கேரள அரசின் நுழைவுச்சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறோம்.

மரவேலைப்பாட்டையும் கண்ணாடி போல மின்னும் கருந்தரையையும் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். நாங்கள் வந்தது முற்றத்தில் பீடத்தின்மேல் வைத்திருக்கும் ஒரு கல்லுக்காக. ஏறத்தாழ 38 கிலோ. திருவிதாங்கூர்ப் படையில் சேர வரும் இளைஞன் அதைத் தொடர்ச்சியாக 101 முறை தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும் என்பது விதியாம். வழிகாட்டிகள் எல்லோரும் இதை ஒரே ராகத்தில் சொல்கிறார்கள். சுற்றுலா வந்த ஒரு குடும்பம் 38 கிலோ என்று கேட்டதும் உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 38 என்ற எண் சிறியது. ஆனால் 101 ஆல் பெருக்கினால் 3838 கிலோ. ஒரு முறைக்கு நான்கு நொடி என்று வைத்தாலும் ஏறத்தாழ ஏழு நிமிடம் தோளும் மூச்சும் இடைவிடாமல் உழைக்க வேண்டும். என் கணிப்பில் தம்பியால் முப்பது, என்னால் பதினைந்து.

இந்தத் தேர்வு எங்கள் போட்டியிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. ஸ்ட்ராங்மேன் போட்டியில் பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் 60 அல்லது 75 நொடிதான். அதற்குள் உடலில் உள்ளதையெல்லாம் கொட்டிவிட வேண்டும். படைவீரனுக்கு அது பயன்படாது. நாள் முழுவதும் சுமந்து நடந்து, அதன்பின் சண்டையும் போட வேண்டியவன் அவன். இந்த நாட்டின் படை எப்படிப்பட்டது என்பதற்குச் சாட்சி பக்கத்திலேயே, புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது: 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்து, 1777இல் இறந்த, டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டிலனாயின் கல்லறை. கோட்டைக்குள் அரைமணி நேரம் சுற்றிவிட்டு வெளியே வந்தோம்.

மாலையில் உட்கிராமச் சாலை ஒன்றில் நான் தேடி வந்த இன்னொன்று கிடைத்தது: ஒரு சுமைதாங்கி. செங்குத்தாக நட்ட இரண்டு கற்கள், மேலே குறுக்காக ஒரு பாளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். கருவுற்றிருக்கும்போது இறந்துபோன பெண்களின் நினைவாக இவற்றை நட்டிருக்கிறார்கள். மலையாளத்தில் அத்தாணி என்பார்கள். தலைச்சுமையுடன் நெடுவழி நடக்கிறவர் அதன்முன் நின்று சற்றே முழங்காலை மடக்கினால் சுமை பாளத்தில் அமர்ந்துவிடும். இளைப்பாறிய பின் தலையைக் கொடுத்து நிமிர்ந்தால் சுமை மறுபடியும் தலைக்கு வந்துவிடும். குனிய வேண்டாம், பக்கத்தில் ஆள் வேண்டாம். தரையிலிருந்து தொடை வரையிலான அந்த ஒன்றரை அடியை அறவே நீக்கிவிடுவதற்காகக் கட்டிய அமைப்பு இது. அதன் பாளத்தில் என் முதுகுப்பையை வைத்துப் பார்த்தேன். பாளத்தின் முன்விளிம்பு மட்டும் மழுங்கி, எண்ணெய் தேய்த்தது போல வழவழப்பாக இருந்தது. பின்விளிம்பு உளி பட்ட கூர்மையுடனேயே இருந்தது. எல்லோரும் ஒரே பக்கத்திலிருந்து சுமை இறக்கியிருக்கிறார்கள்; சந்தைக்குப் போகும் திசை அதுவாக இருக்க வேண்டும்.

இரவு விடுதியில் தம்பி கைப்பேசியில் ஸ்காட்லாந்தின் டின்னி கற்களைக் காட்டினான். ஒன்று 188 கிலோ, மற்றொன்று 144 கிலோ. 1860இல் டொனால்ட் டின்னி என்பவர் இரண்டையும் இரு கைகளில் பிடித்துப் பாலத்தின் குறுக்கே நடந்தாராம். அவற்றில் இரும்பு வளையங்கள் பொருத்தியிருப்பதைக் கவனிக்கச் சொன்னேன். வளையம் இருந்தால் அது சுமை. வளையம் இல்லாவிட்டால்தான் அது கல். எங்கள் பாட்டாவிடம் டின்னியைக் காட்டியிருந்தால் வளையத்தைக் கழற்றச் சொல்லியிருப்பார்.

தை 6 – களியக்காவிளை, பாறசாலை

மார்த்தாண்டத்தில் புட்டும் பயறும் பப்படமும் தின்று, இரண்டு மட்டிப்பழமும் விழுங்கி, களியக்காவிளை வந்து சேர்ந்தோம். இந்த ஊரில் எல்லை என்பது ஒரு சோதனைச் சாவடியும் பெட்ரோல் விலையும்தான். பேச்சில் எல்லையே இல்லை. கடைக்காரர் என்னிடம் தமிழிலும் பின்னால் நின்றவரிடம் மலையாளத்திலும் ஒரே மூச்சில் சில்லறை கேட்டார்.

சந்தையில் ஏத்தன் வாழைக்குலைகள் இறங்கிக்கொண்டிருந்தன. சுமை இறக்குகிறவர்களை அரைமணி நேரம் வேடிக்கை பார்த்தோம். ஒருவர் தலையில் சும்மாடு வைத்து நிற்கிறார். இருவர் மூட்டையின் இரு காதுகளையும் பிடித்து, ஓர் ஆட்டு ஆட்டி, அவர் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். அவர் ஒரு நொடி முழங்காலில் தணிந்து சுமையை வாங்கி, அதே வேகத்தில் நடக்கத் தொடங்கிவிடுகிறார். நாள் முழுவதும் சுமக்கிறவர்கள் யாரும் தரையிலிருந்து தனியாகத் தூக்குவதில்லை என்பதைத் தம்பிதான் முதலில் கவனித்தான். கேரளத்தில் இந்தத் தொழிலுக்கு 1978ஆம் ஆண்டின் பெயரில் தனிச் சட்டமே இருக்கிறது. முன்பு 75 கிலோவாக இருந்த தலைச்சுமை வரம்பைப் பின்னர் 55 கிலோவாகக் குறைத்துவிட்டார்கள். இதைப் பற்றி ஒரு தொழிலாளியிடம் பேச்சுக் கொடுத்தேன். "நல்ல காரியம்தான். என் கழுத்துக்குத்தான் இருபது வருசம் பிந்திப்போச்சு" என்றார். நாங்கள் மறுநாள் 115 கிலோ கல்லைத் தூக்கப்போகிறோம் என்று கேட்டதும், "அதுக்கு எவ்வளவு கூலி?" என்றார். நுழைவுக் கட்டணம் நாங்கள்தான் கட்டியிருக்கிறோம் என்பதைச் சொல்ல எனக்கு நாணமாக இருந்தது.

பாறசாலைக்கு அப்பால் ஒரு கல்யாண மண்டபத்தில் எடை பார்த்தார்கள். நான் 86.4, தம்பி 89.7. அவன் நேற்று இரவிலிருந்து உப்பும் தண்ணீரும் குறைத்திருந்ததால் எடைமேடையை விட்டு இறங்கிய கையோடு மரச்சீனியும் மீன்கறியும் இருக்கும் கடையைத் தேடி ஓடினான். எங்கள் பிரிவில் பதினான்கு பேர். அவர்களில் ஐவர் தமிழ் பேசுகிறவர்கள்.

தை 7 – போட்டி நாள்

பள்ளி மைதானம். ஒலிபெருக்கியில் மலையாளம், இடையிடையே எங்களுக்காகத் தமிழ். பதினான்கு பேர் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் முதலிடத்துக்கு 14 புள்ளி, கடைசி இடத்துக்கு 1 புள்ளி. ஐந்து சுற்றுகள்.

முதல் சுற்று மரத்தடி. உண்மையில் அது இரும்பு உருளை. உள்ளே இரண்டு கைப்பிடிகள் இணையாக வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். 70 கிலோ, 60 நொடிக்குள் தலைக்கு மேல் எத்தனை முறை என்பது கணக்கு. உலகச் சாதனையாளர்களில் ஒருவரான புர்கினா ஃபாசோவின் அயர்ன் பீபி 2021இல் 229 கிலோவை ஒருமுறை தூக்கினார் என்பதை அறிவிப்பாளர் சொன்னபோது கூட்டம் கைதட்டியது. எனக்கு இன்னும் கொஞ்சம் வயிறு கலங்கியது. ஜிம் கம்பியைத் தரையிலிருந்து ஒரே இழுப்பில் தோளுக்குக் கொண்டுவந்துவிடலாம். உருளை பருமனாக இருப்பதால் உடலை ஒட்டி வராது. அதையும் முதலில் தொடைமேல் அமர்த்தி, பிறகு வயிற்றில் உருட்டி நெஞ்சுக்கு ஏற்ற வேண்டும். பாட்டாவின் வாக்கு இங்கேயும் செல்லும் என்று நினைத்தபடியே தூக்கினேன். ஆறு முறை. தம்பி பதினொன்று.

இரண்டாவது பார்மர்ஸ் வாக்: கைக்கு 90 கிலோவாக இரண்டு இரும்புச் சட்டங்களைப் பிடித்துக்கொண்டு 40 மீட்டர். இதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. விரல்கள் திறக்கும் வரை நடக்க வேண்டும். என் விரல்கள் 28 மீட்டரில் திறந்தன, மறுபடி பிடித்து முடித்தேன்.

மூன்றாவது டயர் புரட்டுதல். மண் அள்ளும் இயந்திரத்தின் டயர், 220 கிலோ. இங்கேதான் அனுபவமில்லாதவர்களுக்குப் புஜத்தசை கிழிகிறது. முழங்கையை மடக்கிக் கையால் தூக்க முயன்றால் அந்தத் தசைநார் மொத்தப் பளுவையும் வாங்கிக்கொள்ளும். கைகளை நீட்டியபடியே வைத்து, நெஞ்சை டயரில் அழுத்தி, கால்களால் முன்னோக்கித் தள்ள வேண்டும். எனக்கு முன்னால் போன ஒரு பையன் கையை மடக்குவதைப் பார்த்துத் தம்பி எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினான். நடுவரும் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். மயிலாடிச் சிற்பி இருந்திருந்தால் இந்த ஒரு சுற்றையாவது ஒப்புக்கொண்டிருப்பார். எனக்கு இதில் நான்காம் இடம். ஐந்து நாட்களில் நான் பெருமைப்பட்ட ஒரே எண் அதுதான்.

நான்காவது வண்டி இழுத்தல், என் மனக்குறைக்கு உரியது. ஐந்து டன் எடையுள்ள மினி லாரி. இடுப்பிலும் தோளிலும் வார் கட்டி, கையில் கயிற்றைப் பிடித்து 20 மீட்டர் இழுக்க வேண்டும். நல்ல தார்ச்சாலையில், காற்று நிறைந்த டயர்களில் ஓடும் வண்டியை உருட்ட அதன் எடையில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு விசை போதும்: இங்கே சுமார் 50 கிலோ. கடினமானது முதல் அசைவுதான். உருண்டுவிட்டால் நிற்கவிடக் கூடாது. ஆனால் சாலை நூறடிக்கு ஓரடி ஏறினால் அந்த ஏற்றமே இன்னொரு 50 கிலோவைச் சேர்த்துவிடும். கண்ணுக்கு அது தட்டையாகவே தெரியும். முதல் ஏழு பேர் இழுத்த பிறகு, வண்டியைத் திரும்ப ஓட்டிவர நேரமாகிறது என்று சொல்லி, மீதமுள்ளவர்களை எதிர்த்திசையில் இழுக்கச் சொன்னார்கள். நான் எட்டாவது ஆள். என் தண்ணீர்ப் பாட்டிலைச் சாலையில் படுக்கவைத்துக் காட்டினேன். அது நாங்கள் இழுக்க வேண்டிய திசைக்கு எதிராகச் சாவகாசமாக உருண்டு போனது. நடுவர் சிரித்தார், தோளைத் தட்டினார், விசிலை எடுத்தார். என் வண்டி 11 மீட்டரில் நின்றது. எட்டாவது ஆளிலிருந்து பதினான்காவது ஆள் வரை ஒருவரும் 20 மீட்டரைத் தொடவில்லை. தம்பி மூன்றாவது ஆளாக இழுத்திருந்ததால் இதைப் பற்றி என்னிடம் நிதானமாகப் பேச அவனால் முடிந்தது.

கடைசிச் சுற்று கற்கள். கான்கிரீட் உருண்டைகள் மூன்று: 80, 100, 115 கிலோ. நூலை எடுத்து அளந்தேன். விட்டம் 40, 43, 45. நான்கடி உயரத்தில் ஒரு கம்பி. மூன்றையும் ஒவ்வொன்றாகக் கம்பிக்கு அப்பால் போட 75 நொடி. வெயில் ஏறியிருந்தது; கான்கிரீட் கைபொறுக்காத சூடு. சிலர் முன்கையில் துணி உறை மாட்டியிருந்தார்கள். நான் மாட்டவில்லை, அது அறியாமை.

விசில். முதல் கல் எந்தச் சிரமமும் இல்லாமல் போனது; பொளிந்த கருங்கல்லில் பழகிய கைக்கு அது மாவு உருண்டை போல இருந்தது. இரண்டாவது கல்லை மடியில் வாங்கும்போது உள்முன்கைத் தோல் உரிவது தெரிந்தது. வலி பிறகுதான் வந்தது. நெஞ்சுக்கு உருட்டி, இடுப்பைத் தள்ளி, கம்பியில் ஒருமுறை இடித்து, மறுமுறை தாண்டியது. 44 நொடி ஆகியிருந்தது. "பொக்கு, சேட்டா, பொக்கு!" என்று தூக்கச் சொல்லி யாரோ மலையாளத்தில் கத்தினார்கள்.

மூன்றாவது கல்லின்முன் குந்தினேன். எங்கள் ஜிம்மில் இந்த எடை என் தொடையைத் தொட்டதே இல்லை. விரல்களை அடியில் செலுத்தியபோது மணல் நறநறத்தது. முதல் இழுப்பில் கல் தரையை விட்டு ஓர் அங்குலம் எழும்பி அமர்ந்தது. இரண்டாவது இழுப்பிலும் அதேதான். பாதங்களைக் கல்லுக்கு இன்னும் நெருக்கமாக வைத்து, தாடையைக் கல்லின் தலையில் பதித்து, மூன்றாம் முறை இழுத்தேன். முழங்காலில் உரசி, தொடைத் துணியைச் சுருட்டிக்கொண்டு, மெல்ல ஏறி, மடியில் வந்து அமர்ந்தது. அதன் முழுக் கனமும் குதிகால் வழியாக இறங்குவதை உணர்ந்தேன். கைகளை மேலே மாற்றிக்கொண்டிருந்தபோது விசில் ஊதிவிட்டது.

மடியில் கல்லுடன் அப்படியே குந்தியிருந்தேன். ஏற்றுவதைப் பற்றி ஐந்து நாட்களாக யோசித்த எனக்கு, இதை எப்படி இறக்குவது என்பது தோன்றவேயில்லை. மைதான வேலைக்கு வந்திருந்த இரண்டு சுமட்டுத் தொழிலாளர்கள் ஓடிவந்து, ஆளுக்கு ஒரு பக்கம் கை கொடுத்து, ஓர் ஆட்டு ஆட்டி, கல்லை வாங்கி ரப்பர் விரிப்பில் வைத்தார்கள். ஒருவர் என் முன்கையைப் பார்த்துவிட்டு, "தேங்காயெண்ணெய் போடண்ணா" என்றார்.

தம்பி மூன்றாம் இடம். நான் ஒன்பதாம் இடம். களியக்காவிளையில் பேருந்து மாறியபோது மணி எட்டரை. நடத்துநர் பயணச்சீட்டைக் கிழித்துக்கொண்டே என் கைகளைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, மரத்துல இருந்து வழுக்கி விழுந்தீளா?"

"கல் தூக்கினோம்."

"எவ்வளவு?"

"நூற்றுப் பதினைந்து. மடி வரைக்கும்."

சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு, "மடிக்கு வந்துட்டா பொறவு என்ன, அடுத்த தடவை போட்டுறலாம்" என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார்.